உலையில் மூன்று படி கூடுதல்: மாட்டுத்தாவணிக்குப் பின்னால் ஒரு மெஸ்

இந்த மெஸ்ஸுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் யாரிடமாவது "அக்கா கடை எங்கண்ணே?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். சந்துக்குள் நுழைந்து, நீலக் கதவு போட்ட ஒரு வளவுக்கு எதிரே, நான்கு படி ஏற வேண்டும். அந்த நான்கு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

நான் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம். 2017 மாசியில் மதுரைக்கு வந்தேன். வந்த அன்று ராத்திரி சாப்பிட்ட இடம் இது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு பெரும்பாலும் இங்கேதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கடையைப் பற்றிச் சொல்வதென்றால், நம் ஊருக்குப் பிழைக்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்லாமல் முடியாது.

முதலில் சாப்பாடு.

காலை 5 மணிக்குக் கேப்பைக் கூழ் தயார். பெரிய எவர்சில்வர் டம்ளரில் மோர் விட்டுக் கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயமும் மோர் மிளகாய் இரண்டும் வைத்து 20 ரூபாய். இட்லி உண்டு, அது மற்ற கடைகளில் கிடைப்பது போலத்தான். மதியம் 11.30க்கு இலை போட ஆரம்பிப்பார்கள். புழுங்கலரிசிச் சோறு, சாம்பார், ஒரு குழம்பு, ரசம், ஒரு கூட்டு அல்லது பொரியல், 70 ரூபாய். சோறு எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள், முகம் மாறாது. இரவு 7 மணியிலிருந்து 10.30 வரை சோறும் சப்பாத்தியும்.

புதனும் ஞாயிறும் கருவாட்டுக் குழம்பு. இதற்காக மட்டுமே ஒரு தடவை வரலாம். வத்தல் எங்கள் ஊர் முண்டு வத்தல். உருண்டையாக, தோல் தடித்து, குலுக்கினால் விதை சலசலவென்று ஓசை கேட்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அக்கா அதற்கு முன்பிருந்தே வேறு வத்தலை அடுப்படிக்குள் விட்டதில்லை. நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசி, தலையைக் கிள்ளி எடுத்து, கத்தரிக்காய் பாதி வெந்த பிறகுதான் போடுகிறார். முதலிலேயே போட்டால் கருவாடு கரைந்து குழம்பு மண்டியாகிவிடும். கடைசியில் மாங்காய் கிடைக்கிற காலத்தில் இரண்டு கீற்று. நல்லெண்ணெய் பிரிந்து சட்டி ஓரத்தில் வளையமாக நிற்கும்போது இறக்குவார். 12 மணிக்கு வந்தால் அந்த வளையத்தோடு சாப்பிடலாம், 2 மணிக்கு வந்தால் குழம்புதான் இருக்கும்.

குறையும் இருக்கிறது. தயிர் ஒன்றரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். கை கழுவ ஒரே ஒரு குழாய், காலைக் கூட்டத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ரசத்தில் புளி தூக்கலாக இருக்கிற நாள் வாரத்தில் ஒன்றாவது வரும். சப்பாத்தி கல்லிலிருந்து எடுத்த சூட்டில் நன்றாக இருக்கும், ஆறிவிட்டால் விறைத்துப் போகிறது. இதையெல்லாம் அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். "சொல்லுங்கப்பு, சொன்னாத்தான தெரியும்" என்பார். தயிர் விஷயம் மட்டும் இன்று வரை மாறவில்லை.

இந்த மெஸ்ஸில் நான் பார்த்த பெரிய விஷயம் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஒரு கம்பி. கடைகளில் பில் குத்தி வைக்கிற கம்பிதான். அதில் பில் இல்லை, தினசரிக் காலண்டர் தாள். ஒவ்வொரு நாள் ராத்திரியும் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதிக் குத்துவார்: எத்தனை சாப்பாடு போனது, வைகை அணையில் எத்தனை அடி, ஊரில் மழை உண்டா இல்லையா. அணை நீர்மட்டம் பேப்பரில் தினமும் வருகிறது. மழைக்கு ராமநாதபுரம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைக் கேட்பார். கடை தொடங்கிய 2013லிருந்து இதைச் செய்கிறார். வருஷம் முடிந்ததும் அந்தக் கட்டை நூலில் கட்டி அரிசி டிரம்முக்கு மேல் வைத்துவிடுவார்.

ஒரு தைக் கடைசியில் அரிசிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "நாளையிலேருந்து மூணு படி கூட." வழக்கமாக மதியத்துக்கு 12 படி. மூன்று படி கூடினால் சுமார் முப்பது பேர் சாப்பாடு. அன்று கூட்டம் எப்போதும் போலத்தான் இருந்தது. விசேஷம் எதுவும் இல்லை, முகூர்த்த நாளும் இல்லை.

"யாருக்குக்கா மூணு படி?" என்று கேட்டேன்.

"வரப்போறவுகளுக்கு."

"யார் வரப்போறாங்க?"

"கார்த்திகையில மழை இல்ல. தையில களம் இருக்காது. களம் இல்லாத வீட்டுல மாசிக்கு யாரு இருப்பாக?"

எனக்கு இது தெரியாத கணக்கு இல்லை. எங்கள் பக்கம் புரட்டாசியில் புழுதி விதைப்பு. மழையை நம்பித்தான் விதைக்கிறோம். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால் தையில் அறுப்பு. பெய்யாவிட்டால் மார்கழியில் பயிர் கருகி, மாட்டை அவிழ்த்து விடுவோம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு ஓட்டலாம். அதுவும் முடிந்தால் பஸ் ஏற வேண்டியதுதான். இதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் பஸ் ஏறுகிறவன் எந்த ஊரில் இறங்குவான், இறங்கினதும் அவனுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று இறங்குகிற ஊரில் உட்கார்ந்து ஒருவர் கணக்குப் போடுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மாசியில் அந்த மூன்று படியும் மீதமில்லாமல் போனது.

அப்புறம் ஒரு நாள் மதிய வேலை ஓய்ந்த நேரத்தில், அந்தக் கட்டுகளை இறக்கி வைத்து, பேரேட்டில் போடுவது போல மாசம் மாசமாக எழுதிப் பார்த்தேன். 2016 கட்டு ஐப்பசி வரைக்கும் சாதாரணமாகப் போகிறது. 2017 தையிலிருந்து எண்ணிக்கை ஏறி, மாசியில் ஒன்றரை மடங்கு ஆகி, ஆடி வரை இறங்கவே இல்லை. அந்த ஏற்றத்துக்குள் நானும் ஒரு சாப்பாடு. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த அதே மாதம் இந்தக் கம்பியில் எண் ஏறத் தொடங்கிவிட்டது.

அடுத்த ஏற்றம் நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது: 2021 மாசி. அந்த வருஷம் மழை இல்லாமல் இல்லை. ஜனவரியில், கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும்போது, பருவம் தவறிப் பெய்து தீர்த்தது. நெல் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்து வயலிலேயே முளைத்தது, மிளகாய் அழுகியது. அந்தத் தாள்களில் அக்கா "மழை உண்டு" என்று எழுதி அடியில் கோடு இழுத்திருக்கிறார். பெய்யாமல் ஒரு வருஷம், பெய்து கெடுத்து ஒரு வருஷம். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கண்மாய்கள் இப்படிப்பட்ட மழைக்காக வெட்டப்பட்டவை அல்ல. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைச் சொல்வோம். நாரையாலும் ஒரே மூச்சில் கடக்க முடியாத கண்மாய் என்று அர்த்தம். அவ்வளவு பெரிய கண்மாய் இருக்கிற மாவட்டத்திலிருந்துதான் இவ்வளவு பேர் பஸ் ஏறுகிறார்கள்.

இப்போது மதுரைக்கு வருவோம். மாநகராட்சியில் 72 வார்டு இருந்ததை 2011ல் 100 ஆக்கினார்கள். மக்கள்தொகைக் கணக்கும் கடைசியாக எடுத்தது 2011தான். 2021ல் எடுக்க வேண்டியது தள்ளிப் போய், 2027க்கு என்று வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் 2017ல் வந்த நான், 2021ல் வந்தவர்கள், இடையில் வந்து போனவர்கள் யாருமே அந்தக் கணக்கில் கிடையாது. நகரங்களில் குடிநீருக்குத் தலைக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அளவு. தேனி மாவட்டத்து லோயர் கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நாளுக்கு 12.5 கோடி லிட்டர் மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் நல்ல திட்டம், அது வேண்டும். என் கேள்வி ஒன்றுதான்: தலைக்கு 135 லிட்டர் என்று பெருக்கும்போது எந்தத் தலையை எண்ணுகிறோம்? எதிர் வளவில் ஒன்பது வீடு. வீட்டுக்கு ஐந்து பேர் என்று வாடகைக்கு விட்டாலும், மாசியில் ஏழெட்டுப் பேர் ஆகிவிடுகிறார்கள். ஒரே குழாய். அங்கிருக்கும் பெண்கள் அதிகாலை 3 மணிக்குக் குடத்தை வரிசையில் வைப்பதை நான் பார்க்கிறேன். அக்கா தன் பங்குக்கு, மெஸ் வாசலில் இரண்டு டிரம் தண்ணீர் நிரப்பி மூடி போட்டு வைக்கிறார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். காசு கிடையாது. காலையில் வேலைக்கு நிற்கிற சித்தாள்கள் அதில் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது மதுரைக்குத் தெரியாத வேலை இல்லை. சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று லட்சக்கணக்கில் சனம் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை பஸ், எங்கே தண்ணீர்த் தொட்டி, எங்கே தற்காலிகக் கழிப்பறை, எந்த ரோட்டை அடைப்பது என்று முன்கூட்டியே கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்கிற தேதி வரைக்கும் கணக்கு. மண்டகப்படிக்காரர்கள் யார் என்று தெரியாத ஆளுக்கு விசிறி கொடுத்துப் பானகம் கொடுக்கிறார்கள். சித்திரையில் வருகிற விருந்தாளிக்கு இவ்வளவு செய்கிற ஊர், மாசியில் சாக்குப் பையோடு வந்து இறங்குகிறவனுக்கு ஏன் செய்யக் கூடாது? அவன் வருவதும் பருவம் பார்த்துத்தான். அவன் வரும் மாசமும் தெரியும், வரும் பஸ்ஸும் தெரியும், எந்தத் தாலுகாவிலிருந்து வருகிறான் என்பதும் தெரியும். ஒரு மெஸ் நடத்துகிற பெண்ணால் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்ல முடிகிறது.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876லிருந்து 78 வரை, குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் வீட்டு வாசலில் கஞ்சி காய்ச்சி ஊற்றித் தன் சொத்தையெல்லாம் கரைத்தாள் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும், கூடவே வருத்தமாகவும் இருக்கும். ஊர் செய்ய வேண்டியதை ஒற்றை ஆள் தலையில் ஏற்றிவிட்டோமே என்று.

சரி, அந்த நான்கு படி. இந்தச் சந்து பள்ளம். மார்க்கெட்டைச் சுற்றி இப்படி நிறையப் பள்ளங்கள் உண்டு. மதுரையில் பல இடம் ஒரு காலத்தில் கண்மாயாகவோ வாய்க்காலாகவோ இருந்ததுதான். 2004ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. பள்ளத்தில் வாடகை குறைவு. புதிதாக வருகிறவன் கையில் இருக்கிற காசுக்கு அங்கேதான் வீடு கிடைக்கும். 2024 அக்டோபர் 25 அன்று சாயங்காலம் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது ஊருக்கே தெரியும். அன்று எங்கள் சந்திலும் எதிர் வளவுக்குள் முழங்கால் அளவு. ஊரில் தண்ணீர் இல்லை என்று கிளம்பி வந்த ஒரு குடும்பம், பையன் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த நான்கு படியில் ஏறி நின்றது. அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கடை எடுத்தபோது இது தரைமட்டத்தில் இருந்த ஒரு குடோன். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா தன் காசில் மண் அடித்து, தரையை உயர்த்தி, நான்கு படி கட்டினார். அவருடைய அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் ஊர் போன பிறகு தங்கச்சிமடத்துக்கு வந்து, அங்கிருந்து கமுதிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். "எங்கம்மா பொறந்த ஊருக்கு ரயில் போச்சு, தபாலாபீசு இருந்துச்சு. இன்னைக்கு அங்க போனா செவுருதான் நிக்கிது" என்று ஒரு தடவை சொன்னார். கண்மாய்க் கரைக்குக் கீழே வீடு கட்டாதே, கட்டினால் தரையைத் தூக்கிக் கட்டு என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார். அந்த அக்டோபர் மழை ராத்திரி மெஸ் அடுப்பு அணையவில்லை. வளவில் இருந்தவர்கள் எல்லாரும் மெஸ்ஸில்தான் படுத்தார்கள். கேப்பைக் கூழ் காலை 5 மணிக்கு வழக்கம் போல வந்தது.

ஊரைத் திட்டமிடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். வருகிறவன் எங்கே குடியேறுவான் என்பதை வாடகை தீர்மானிக்கிறது. மேட்டு நிலத்தில், வேலை கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மாசம் மாசம் வாடகை கொடுத்து இருக்கிற மாதிரி சின்ன வீடுகள் இருந்தால் அவன் பள்ளத்துக்குப் போகமாட்டான். சொந்த வீடு கொடுக்கிற திட்டங்கள் அவனுக்கு உதவாது. அவன் ஆடியில் ஊருக்குத் திரும்பி உழலாமா என்று பார்ப்பான், மழை ஏமாற்றினால் மறுபடி வருவான். அவனுக்கு வேண்டியது வாடகை வீடு. குடும்பம் இல்லாமல் வருகிறவனுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரவில் படுக்க ஓர் இடம். நகரத்தில் லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் என்று நாட்டில் விதியே இருக்கிறது. அந்த லட்சத்தை எண்ணும்போதும் மாசியில் எண்ண வேண்டும்.

என் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். ஒரு ஞாயிறு அவளை இங்கே சாப்பிடக் கூட்டி வந்தேன். கம்பியைப் பார்த்துவிட்டு அவள்தான் வங்கதேசத்தைப் பற்றிச் சொன்னாள். அங்கே போலா என்று ஒரு தீவு. ஆறு கரையை அரித்து, புயலும் அடித்து, அங்கிருந்து டாக்காவுக்குப் போனவர்கள் குடியேறிய சேரிக்கே போலா பஸ்தி என்று பெயர். எல்லாரும் டாக்காவுக்கே போனால் தாங்காது என்று, சலீமுல் ஹக் என்ற அந்த நாட்டு அறிஞர் வேறு ஒரு யோசனை சொன்னார். அவர் 2023ல் காலமானார். இரண்டாம் நிலை ஊர்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. வெள்ளத்துக்குக் கரை, உப்பில்லாத குடிநீர், வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே இருந்தால் வருகிறவர்கள் அங்கேயே பிழைத்துக்கொள்வார்கள். மோங்லா என்ற துறைமுக ஊரை அதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். ஊரைச் சுற்றிக் கரை போட்டு, மதகு வைத்து, குடிநீர் சுத்திகரித்து, ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள். உலக வங்கி 2021ல் வெளியிட்ட கணக்கில், 2050க்குள் தெற்காசியாவில் மட்டும் 4 கோடிப் பேர் வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர நேரலாம் என்று இருக்கிறதாம்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்த ஊர்லயும் யாரோ உலைய முன்னாடியே வச்சிருக்காக" என்றார்.

மதுரையும் அப்படி ஓர் ஊர்தானே என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் சென்னைக்கும் திருப்பூருக்கும் போவதில்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மூன்றுக்கும் மதுரைதான் பக்கம். சாவு, கல்யாணம், குலசாமி என்றால் ராத்திரியே திரும்பிவிடலாம். வைகையின் பூர்வீகப் பாசனத்தில் 12 பங்கில் 7 பங்கு ராமநாதபுரத்துக்கு என்பது பழைய ஏற்பாடு. தண்ணீர் பார்த்திபனூர் மதகணை தாண்டி வந்து சேராத வருஷத்தில் அந்தத் தண்ணீருக்கு உரியவர்கள் தண்ணீர் இருக்கும் ஊருக்கு வருகிறார்கள். அவர்களை அந்நியர் என்று பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்கள் மட்டும் இல்லை. பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கட்டட வேலை செய்கிற பீகார்ப் பையன்கள் ராத்திரி சப்பாத்திக்கு வருவார்கள். ஒருவன் சுபோல் மாவட்டம். 2008ல் கோசி ஆறு கரை உடைத்துத் திசை மாறி ஓடியபோது அவனுக்கு நான்கு வயதாம். நிலமெல்லாம் மணல் மூடிவிட்டது என்று தமிழும் இந்தியும் கலந்து சொன்னான். "அவுகளுக்குத் தண்ணி கூடிப்போச்சு, நமக்கு இல்லாமப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே அக்கா அவன் தட்டில் உருளைக்கிழங்கு இன்னும் ஒரு கரண்டி போட்டார். சப்பாத்தி மாவு பிசையும் பக்குவத்தை அவனிடம்தான் கற்றார். விறைப்பு இன்னும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டுக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு சேவையும் இங்கே உண்டு, புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முகவரி இல்லாதவர்களுக்குத் தபால் இந்த மெஸ்ஸுக்கு வரும். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்திருப்பார். 2020 அக்டோபரிலிருந்து நம் மாநிலக் குடும்ப அட்டையை வைத்து எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். நான் வந்த புதிதில் அது கிடையாது. அது வந்த பிறகும் எங்கள் பக்கத்து ஆளை ஒரு கடையில் "உங்க ஊர்ல போய் வாங்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். அக்கா கூடவே போய் நின்று வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளைச் சேர்க்கும்போது மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று அரசுப் பள்ளியில் திருப்பி அனுப்பக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை ஒரு தாளில் என்னை எழுதச் சொல்லி வாங்கி, கை கழுவுகிற குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறார். வரிசையில் நிற்கும்போது எல்லாரும் படிக்கிறார்கள்.

தனியாக வருகிற பெண்களுக்கு உள்ளே சுவரோரம் ஒரு பெஞ்சு இருக்கிறது, அங்கே ஆண்களை உட்காரவிடமாட்டார். ராத்திரி கடைசி பஸ்ஸில் வருகிற சித்தாள் பெண்கள் விடியும் வரை அதில் உட்கார்ந்து இருந்துவிட்டு வேலைக்குப் போவதும் உண்டு. பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் உட்காருவதைவிட எவ்வளவோ மேல்.

சில்லறை கொண்டு போங்கள். போனில் பணம் அனுப்பலாம், ஆனால் காலை நேரத்தில் அக்காவின் போன் எப்போதும் அரிசிக்காரரோடு பேச்சில் இருக்கும். ஞாயிறு ராத்திரி கடை இல்லை. கருவாட்டுக் குழம்புக்கு 12 மணிக்கே போய்விடுங்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு நான் நாலரை கொடுப்பேன், அரை தயிருக்காகக் குறைத்தது.

நேற்று ராத்திரி நான் கிளம்பும்போது அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "டேமுல இன்னைக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கான்?" என்று கேட்டார். பேப்பரை எடுத்து வாசித்துச் சொன்னேன். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக் கம்பியில் குத்திவிட்டு, அரிசிக்காரருக்குப் போன் போட்டார்.